வெள்ளிக் காசு செக் பண்ற கிட்: தராசுக்கு மட்டும் அஞ்சு ஸ்டார்

1149 ரூபா குடுத்து வாங்குன கிட்ல மொத்தம் ஆறு அயிட்டம், அதுல ஒண்ணே ஒண்ணு தான் உருப்படி. ஆனா அந்த ஒண்ணு பண்ணுன வேலைக்கு மொத்தக் காசையும் கண்ண மூடிக்கிட்டு குடுக்கலாம், அதனால என் கணக்குல அஞ்சுக்கு மூணரை. அவசரத்துல இருக்கவங்க இதோட கிளம்பலாம். வீட்ல பாட்டி காலத்து வெள்ளி ரூபா வச்சிருக்கவங்க மட்டும் உக்காந்து படிங்க, ஏன்னா இந்த கிட் எதுக்கு வாங்குனேங்குறதே ஒரு பெரிய கதை.

நாங்க பாபநாசம் பக்கம். எங்க அத்தைகிட்ட, அதாவது மாமியார்கிட்ட, ஒரு பித்தளைச் சம்படம் இருக்கு, கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து அது இரும்புப் பெட்டிக்குள்ள தான். அறுவடை முடிஞ்சு நெல்லு வித்த காசுல அவங்க மாமனார் ஒண்ணு ரெண்டா சேத்து வச்ச வெள்ளிக் காசு. இந்த வருஷம் தை பொறந்ததும் திடீர்னு, நான் கண்ணோட இருக்கும்போதே பிரிச்சுக் குடுத்துடுறேன்னுட்டாங்க, மூணு மருமக ஒரு நாத்தனார், நாலு பங்கு. எண்ணிப் பாத்தா 61 காசு. சரி, பிரிக்கிறதுக்கு முன்னாடி எது என்ன மதிப்புன்னு தெரிஞ்சுக்கலாம்னு நானும் சின்னக் கொழுந்தனும் ஒரு கைப்பிடி எடுத்துக்கிட்டு கும்பகோணம் போனோம்.

கடை பேரு வேண்டாம். உள்ள போனதும் அவரு எங்க கையிலேர்ந்து மேலாக்க இருந்த ஒரே ஒரு காசை மட்டும் எடுத்து, வெள்ளி நூத்துக்கு எவ்வளவுன்னு காட்டுற மெஷின்ல வச்சாரு, 50 சொச்சம்னு காமிச்சுது. உடனே, "எல்லாமே இந்த ரகம் தாம்மா, பாதி வெள்ளி பாதி செம்பு, மொத்தமா குடுத்தா எடை போட்டு பாதி ரேட்டுக்கு எடுத்துக்கிறேன்"ன்னாரு. கொழுந்தனுக்கு ஆடித் தள்ளுபடி மாதிரி சந்தோஷம், அப்பவே குடுத்துடலாம் அண்ணிங்குறான். எனக்கு தான் மனசு கேக்கல. அவரு எடுத்த காசு 1943, நாங்க கொண்டு போனதுல விக்டோரியா ராணி போட்டதும் இருக்கு, அது எப்படி ரெண்டும் ஒரே ரகமா இருக்கும்? வீட்ல கேட்டுட்டு வர்றோம்னு சொல்லிட்டு கிளம்பிட்டோம், பின்னாடியே வாசப்படி வரைக்கும் வந்து ரேட்டை ரெண்டு தடவை ஏத்துனாரு. ரேட்டை ஏத்த ஏத்த தான் எனக்கு சந்தேகம் கூடுச்சு.

விஷயம் இது தான், இதைத் தெரிஞ்சுக்காம யாரும் பழைய ரூபாயைத் தூக்கிக்கிட்டு கடைக்கு போயிடாதீங்க. 1835ல ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காரன் ஒரே மாதிரி ரூபா அடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து 1939 வரைக்கும் வெள்ளி ரூபாய்க்கு எடை 11.66 கிராம், அதுல வெள்ளி நூத்துக்கு 91.7. 1940லேர்ந்து 1945 வரைக்கும் போர்க் காலம், எடையை அப்படியே வச்சுக்கிட்டு வெள்ளியைப் பாதியாக் குறைச்சுட்டான், மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947ல வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். அப்ப பழைய ஒரு ரூபாயில சுத்த வெள்ளி 10.69 கிராம், போர்க் காலத்து ரூபாயில 5.83 கிராம். எங்க சம்படத்துல பழைய ரகம் மட்டும் நாப்பது சொச்சம், அதை பாதி வெள்ளின்னு நம்பி குடுத்திருந்தா கிட்டத்தட்ட 200 கிராம் வெள்ளி சும்மா போயிருக்கும். மெஷின் பொய் சொல்லல. எந்தக் காசை எடுத்து வைக்கிறதுங்குறதுல தான் சூட்சுமம்.

அன்னிக்கு ராத்திரியே ஆன்லைன்ல தேடி இந்த கிட்டை ஆர்டர் போட்டேன். நாலாம் நாள் வந்துச்சு. பேக்கிங் சுமார், பபிள் கவர் ஒரு சுத்து தான், பூதக்கண்ணாடி ஓரத்துல சின்ன விரிசலோட வந்துச்சு. உள்ள உள்ளங்கை சைஸ் டிஜிட்டல் தராசு, குறுக்களவு, தடிமன் அளக்குற பிளாஸ்டிக் வெர்னியர், பத்து மடங்கு பெருசாக் காட்டும்னு சொல்ற பூதக்கண்ணாடி, வட்டமா ஒரு காந்தம், சின்ன பாட்டில்ல ஆசிட், உரைகல்லுன்னு சொல்லி ஒரு கறுப்புக் கல்லு.

முதல்ல தராசு. 200 கிராம் வரைக்கும் தாங்கும், 0.01 கிராம் வரைக்கும் காட்டும். சரியாக் காட்டுதான்னு பாக்குறதுக்கு ஒரு எடைக்கல்லு கூட வைக்கல, அது ஒரு குறை. பையன் தான் ஒரு வழி கண்டுபிடிச்சான், கையில இருக்க ரெண்டு கலர் பத்து ரூபா காசு 7.71 கிராம் இருக்கணும், அஞ்சு ரூபா பித்தளைக் கலர் காசு 6 கிராம், ரெண்டையும் வச்சுப் பாத்தா 7.72, 6.01னு வந்துச்சு. ஒரு புள்ளி வித்தியாசம், போதும். ஃபேன் ஓடுனா மட்டும் கடைசி நம்பர் சாமி வந்த மாதிரி ஆடுது, அதனால ஃபேனை நிறுத்திட்டு வேர்த்து ஊத்திக்கிட்டு தான் 61 காசையும் எடை போட்டோம். நான் போட, பையன் நோட்டுல எழுத, அத்தை திண்ணையில கால நீட்டி உக்காந்து ஒவ்வொரு காசும் எப்படி வந்துச்சுன்னு கதை சொல்ல.

தேஞ்ச காசு 11.40, 11.50னு வரும், அது தப்பு இல்ல, நூறு வருஷம் கை மாறுனா தேயத்தான் செய்யும். ஆனா ஒரு 1862 ராணி காசு 9.34ல நின்னுச்சு. ரெண்டு கிராமுக்கு மேல தேயுறதுன்னா ராணி மூக்கு முழியே இருக்கக் கூடாது, இதுல என்னடான்னா முகம் நல்லாத் தான் இருக்கு, ஆனா சோப்பு கரைஞ்ச மாதிரி மொழுக்குனு இருக்கு. அத்தைகிட்ட குடுத்தேன். வாங்கி ஒரு தடவை சுண்டி சிமெண்டுத் தரையில விட்டாங்க, டக்குனு ஒரு சத்தம், அவ்வளவு தான். பக்கத்துல இருந்த வேற ஒண்ணை விட்டாங்க, ணங்ங்ங்னு ஒரு இழுப்பு. "இது செத்த காசு"ன்னாங்க. தராசு சொன்னதை எழுபத்தெட்டு வயசுக் காது ரெண்டு செகண்ட்ல சொல்லிடுச்சு. சங்க காலத்துலயே காசு நோட்டம் பாக்குறவங்களுக்கு வண்ணக்கன்னு பேரு, அந்தப் பட்டத்தோட புலவர்களே இருக்காங்கன்னு பையன் ஏதோ பாடத்துலேர்ந்து எடுத்து விட்டான், அத்தைக்கு அதுலேர்ந்து வீட்ல வண்ணக்கன்னு தான் பேரு.

இவங்களுக்கு எடைன்னாலே ரூபா எடை தான், நாட்டு மருந்துக்கடையில சுக்கு இத்தனை ரூபா எடை, திப்பிலி இத்தனை ரூபா எடைன்னு கேட்டு வாங்குன தலைமுறை. ஒரு தோலான்னா ஒரு ரூபா, அந்த ரூபாயே அப்ப எடைக்கல்லு. அதனால டிஜிட்டல் எல்லாம் வேணாம்னு நினைக்கிறவங்க, நல்ல காசுன்னு உறுதியாத் தெரிஞ்ச ஒண்ணை ஒரு தட்டுலயும் சந்தேகக் காசை இன்னொரு தட்டுலயும் போட்டு நகைத் தராசுல பாத்தாலே பாதி கள்ளக் காசு மாட்டிக்கும்.

மிச்சப் பாதி மாட்டாது, அங்க தான் பேப்பர் கப்பு வேலை. இந்தத் தராசு வச்சு பண்ண முடியுற பெரிய வித்தை இது தான், கிட் விக்கிறவன் பெட்டி மேல இதைப் பத்தி ஒரு வரி போடல. 1919 ஜார்ஜ் காசு ஒண்ணு எடை 11.62, சுத்தம். ஆனா பக்கத்துல இருந்த ஜார்ஜ் காசோட சேத்துப் பிடிச்சா லேசா தடிமனாத் தெரிஞ்சுது. பத்துப் பத்தா அடுக்கி வச்சப்ப அந்த அடுக்கு மட்டும் ஒரு இழை ஒசரம். கொழுந்தன், சும்மா உனக்கு பிரமை அண்ணின்னான். சரி பாத்துடுவோம்னு, டீக்கடை பேப்பர் கப்புல பாதி தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு ஜீரோ பண்ணிட்டு, காசை தையல் நூல்ல கட்டி, கப்பு அடியிலயும் ஓரத்துலயும் படாம தண்ணிக்குள்ள முழுக்க முங்குற மாதிரி தொங்க விடணும். அப்ப தராசு என்ன காட்டுதோ அது தான் அந்தக் காசு எத்தனை கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்குதுங்குற கணக்கு. எடையை அதால வகுத்தா அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49, நம்ம பழைய ரூபாய்க்கு 10.3 சொச்சம் வரணும். வகுக்கக் கூட வேணாம், நல்ல பழைய ரூபா தண்ணியில 1.12, 1.13னு காட்டும், போர்க் காலத்து பாதி வெள்ளி 1.22 பக்கம் காட்டும். இந்த 1919 காட்டுனது 1.34. ஜெர்மன் சில்வர்னு சொல்றாங்களே, பேர்ல மட்டும் சில்வர் இருக்க, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த வெள்ளை உலோகம், அதுக்கு தான் இது பொருந்துது. லேசான உலோகத்துல எடையைச் சரிக்கட்டணும்னா தடிமனைக் கூட்டித் தான் ஆகணும், வேற வழியே கிடையாது, எடையை ஏமாத்தலாம் தண்ணியை ஏமாத்த முடியாது.

ரெண்டு தப்பு நான் பண்ணுனேன், நீங்க பண்ணாதீங்க. முதல்ல எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சேன், டம்ளரும் தண்ணியும் சேந்து 200ஐத் தாண்டிடுச்சு, தராசு மூச்சு விடாம நின்னுடுச்சு. ரெண்டாவது, காசு மேல ஒட்டியிருக்க காத்துக் குமிழியை உதறி விடணும், இல்லன்னா நல்ல காசு கூட கள்ளக் காசு மாதிரி நம்பர் காட்டும். பெரிய ஓரகத்தி பங்குக்கு வர வேண்டிய ஒரு நல்ல காசை இப்படி அரை மணி நேரம் கள்ளக் காசு லிஸ்ட்ல வச்சிருந்தேன், அதுக்கு இன்னும் குத்திக் காட்டுறாங்க.

வெர்னியர் சுமார். பிளாஸ்டிக், அழுத்திப் பிடிச்சா வளையுது. ஆனாலும் 9.34 காசை அளந்தப்ப குறுக்களவு 30.1 மில்லி, மத்த ராணி காசெல்லாம் 30.6க்கு மேல. இதுக்கு காரணம் சொன்னது சுவாமிமலையில சிலை வார்க்கிற பட்டறையில வேலை பாக்குற ஒரு தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு பழக்கம். காசை வாங்கி பூதக்கண்ணாடியில ஒரு நிமிஷம் கூட பாக்கல, "அக்கா இது அடிச்ச காசு இல்ல, வார்த்த காசு"ன்னான். நல்ல காசை கரு மாதிரி வச்சு மண்ணுல அச்செடுத்து உலோகத்தை ஊத்துனா, ஆறும்போது உலோகம் சுருங்கும், அதனால வார்த்த காசு எப்பவும் ஒரு பொட்டு சின்னதா வரும். சிலைக்கும் இதே சங்கதி தானாம், அதுக்குன்னு அளவை முன்கூட்டியே கூட்டி வச்சுத் தான் மெழுகு புடிப்பாங்களாம். அப்பறம் அவன் காமிச்ச எடத்தை நானும் பாத்தேன். எழுத்துக்கு நடுவுல, சமதளமா இருக்க வேண்டிய எடத்துல, இட்லி மேல இருக்க மாதிரி குட்டிக் குட்டிக் குழி. "நாங்களா இருந்தா காவேரி வண்டல்ல அச்செடுத்திருப்போம், இவ்வளவு குழி விழாது"ன்னு தொழில் கர்வத்தோட ஒரு கமெண்ட்டு வேற. காசு ஓரத்துல வெட்டு வெட்டா கோடு இருக்கும்ல, அது நல்ல காசுல சீப்பு மாதிரி ஒரே சீரா இருக்கு, இதுல ரெண்டு எடத்துல கோடு குழம்பிப் போயி, நடுவுல அரம் போட்டு ராவுன தழும்பு. ரெண்டு பாதி அச்சு சேந்த தையலை ராவி மறைச்சிருக்கான்.

ஓரத்தைப் பத்தி இன்னொண்ணு. போர்க் காலத்து ரூபா ஓரத்துல கோடுகளுக்கு நடுவால சுத்தி ஒரு பள்ளம் ஓடும், கள்ளக் காசு அடிக்கிறவனுக்கு சிரமமா இருக்கட்டும்னே அதை வச்சாங்க. எங்க 13 போர்க் காலத்து காசுலயும் அது பளிச்சுனு இருந்துச்சு, ஒண்ணும் கள்ளம் இல்ல.

காந்தம் சுத்த வேஸ்ட். பெட்டி மேல "காந்தத்தில் ஒட்டாவிட்டால் வெள்ளி"ன்னு போட்டிருக்கான், இதை விட அநியாயம் கிடையாது. எங்க ரெண்டு கள்ள ரூபாயும் காந்தத்துல ஒட்டல. செம்பு ஒட்டாது, பித்தளை ஒட்டாது, ஈயம் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டல. இரும்பை உள்ள வச்சு மேல பூச்சு போட்ட முட்டாள் கள்ளக் காசு மட்டும் தான் மாட்டும். இன்னொரு பக்கம், 1947 புலி போட்ட ரூபா ரெண்டும் கபக்குனு ஒட்டிக்குச்சு, ஓரகத்தி "அய்யோ இதுவும் கள்ளமா"ன்னு நெஞ்சுல கைய வச்சுட்டாங்க. அது நிக்கல், ஒட்டித் தான் ஆகணும், ஒட்டலன்னா தான் கவலைப்படணும். ஆனா பழைய ஹெட்செட்டை உடைச்சு பையன் எடுத்த குட்டி காந்தம் வேற மாதிரி வேலை செஞ்சுது. காசை சாய்ச்சுப் பிடிச்சு அதை மேலேர்ந்து விட்டா, நல்ல வெள்ளியில பாகுல எறும்பு போற மாதிரி மெதுவா வழுக்கி எறங்குது, ஜெர்மன் சில்வர்ல சர்ருனு விழுந்துடுது. வெள்ளியில மின்சாரம் நல்லா ஓடும், காந்தம் நகர நகர உள்ள சின்னச் சின்ன சுழல் மின்னோட்டம் உண்டாகி அதை இழுத்துப் பிடிக்கும்னு பையன் விளக்கம் சொன்னான். செம்புலயும் இதே மாதிரி மெதுவாத் தான் எறங்கும், அதனால இதை மட்டும் நம்பி காசு வாங்கிடாதீங்க.

ஆசிட் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீங்க. நான் அடுப்படிக்குள்ள போன நேரம் பாத்து கொழுந்தன் ஒரு எட்வர்டு காசை, எங்க வீட்ல மொட்டைத்தலை ராஜான்னு சொல்லுவோம், அதைக் கல்லுல உரசாம நேரா அவரு கன்னத்துலயே ஆணியால கீறி ஒரு சொட்டு விட்டுட்டான். செக்கச்செவேல்னு ஆச்சு, வெள்ளி உறுதி. அவரு கன்னமும் போச்சு. கழுவுன பிறகும் கறுப்பா மச்சம் மாதிரி நிக்குது. அந்தக் காசு அவன் பங்குலயே போகணும்னு அத்தை தீர்ப்பு சொல்லிட்டாங்க, அப்பீல் கிடையாது. அதே மாதிரி தான் விபூதி போட்டு தேய்க்கிறது, புளி, பேஸ்ட்டு எல்லாம். வெள்ளி விலைக்கு விக்கிறவங்களுக்கு பரவால்ல, காசு சேக்குறவங்க கண்ணுக்கு தேய்ச்ச காசு பாதி விலை. எங்க காசுல பாதியை அத்தை வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு விபூதி போட்டு பளபளன்னு வச்சிருக்காங்க, அதை இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது.

இப்ப பெரிய காசு. இதைச் சொல்லலாமா வேணாமான்னு நினைச்சேன், சொல்லிடுறேன்.

சம்படத்துல ரூபாயெல்லாம் ஒரு பக்கம், தனியா மஞ்சத் துணியில சுத்தி ஒரு பெரிய வெள்ளிக் காசு, அதிரசம் சைஸ்ல இல்லன்னாலும் தட்டை சைஸ் இருக்கும். காரைக்கால்லேர்ந்து வியட்நாம்ல இருக்க சைகோன் போயி வேலை பாத்த பெரியப்பா ஒருத்தரு அத்தை கல்யாணத்துக்கு குடுத்தது. காரைக்கால் பக்கம் அந்தக் காலத்துல சைகோன் போகாத வீடு கம்மி, பிரெஞ்சுக்காரன் ஊருங்கறதால அங்கயும் இங்கயும் ஒரே சர்க்கார். உக்காந்த மாதிரி ஒரு அம்மா உருவம், பின்னாடி பிரெஞ்சுல எழுத்து, 1907. அத்தை அதை லட்சுமின்னு நினைச்சு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மடியில குங்குமம் வச்சிருக்காங்க, அம்பது வருஷத்துக்கு மேல. பெரிய ஓரகத்திக்கு இது மேல தான் கண்ணு, வேற எதுவும் வேணாம் இது மட்டும் போதும்னு ரெண்டு நாளா நூல் விட்டுக்கிட்டு இருந்தாங்க.

பையன் பின்பக்க எழுத்தை ஃபோன்ல மொழிபெயர்த்துப் பாத்தான். அதுல பியாஸ்தர்னு பேரு, கீழ பொடி எழுத்துல தரம் 0.900, எடை 27 கிராம்னு காசுலயே அடிச்சிருக்கான். நல்ல பிரெஞ்சு இந்தோசீனா பியாஸ்தர் எல்லாத்துலயும் அந்தக் காலத்துல அப்படித் தான், எடையை நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டே வரும். ரொம்ப சவுகரியம்டான்னு தராசுல வச்சேன்.

22.58.

ஜீரோ பண்ணிட்டு மறுபடி வச்சேன். 22.58. ஃபேன் ஓடலையேன்னு மேல பாத்தேன், ஓடல. யாரும் ஒண்ணும் பேசல. நாலரை கிராம் கம்மி, தேய்மானமே இல்ல, எழுத்தெல்லாம் முழுசா இருக்கு. மெதுவா மடியில இருந்த குங்குமத்தை ஈரத் துணியால ஒத்தி எடுத்தேன். முட்டி மேட்டுல, விரல் படுற எடத்துல, வெள்ளைக்கு கீழ லேசா மஞ்சள் அடிச்சுது, பூச்சு தேஞ்சு பித்தளை மாதிரி எட்டிப் பாக்குது. இத்தனை வருஷமா குங்குமம் தான் அதை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கு. இந்த மாதிரி பெரிய வெள்ளி டாலரும் பியாஸ்தரும் கிழக்கு நாட்டு பக்கம் அந்தக் காலத்துலேர்ந்தே கள்ளமா ஓடிக்கிட்டு இருந்தது தான், இன்னிக்கும் சுற்றுலாக்காரங்க தலையில கட்டுறது இதைத் தான் நிறைய. பெரியப்பாவை யாரோ ஏமாத்தியிருக்கணும், கப்பல் ஏர்ற அவசரத்துல சுண்டிப் பாக்க நேரம் இருந்திருக்காது.

நான் அத்தையைக் கேட்டேன், மத்த காசெல்லாம் சுண்டிப் பாத்தீங்களே, இதை ஒரு நாளும் தரையில விட்டுப் பாக்கலையான்னு. "குடுத்தவரு அப்படி. அதைப் போயி சுண்டிப் பாப்பாங்களா?"ன்னாங்க. அப்பறம், "அது என் பங்கு, எழுதிக்க"ன்னு மஞ்சத் துணியிலயே திரும்ப சுத்திக்கிட்டாங்க. ஓரகத்தி வாயத் திறக்கல. அடுத்த வெள்ளிக்கிழமை பாத்தேன், சாமி மாடத்துல அதே எடத்துல அதே மடியில குங்குமம்.

இன்னொரு காசு, ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818னு போட்டது. இதை எடை போட வேண்டிய அவசியமே இல்ல. கம்பெனிக்காரன் அப்படி ஒரு காசை அடிச்சதே கிடையாது, கோயில் வாசல்ல விக்கிற கற்பனைக் காசு. இதை வச்சு தான் அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கு, கோடிக்கு போகும்னு ஒரு கூட்டம் ஊர் ஊரா ஏமாத்துது, படிச்சவங்களே லட்சக்கணக்குல குடுத்து ஏமாந்திருக்காங்க. கொள்ளிடத்துல மண்ணு எடுக்கும்போது கெடைச்சுது, ராஜராஜன் காசுன்னு ராத்திரியில செம்போட வர்றவனும் இதே ஜாதி தான். நிஜமாவே கெடைச்சதா இருந்தா 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபா மதிப்புக்கு மேல போனாலே கலெக்டருக்கு சொல்லியாகணும், உங்க கிட்ட விக்க வர்றதுக்கு அவனுக்கு உரிமையே கிடையாது. அப்படிச் சொல்லிப் பாருங்க, செம்பைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டிடுவான்.

தராசு தோத்த எடமும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும்ல. 1939 ஜார்ஜ் ரூபா ஒண்ணு. எடை 11.65, தண்ணியில 1.13, ஓரம் சீப்பு மாதிரி, சத்தம் ணங்குனு. எல்லா டெஸ்ட்டும் பாஸ். 1939 ரூபா ரொம்ப அபூர்வம், விலை எங்கேயோ இருக்கு, 1938 அப்படி இல்ல. பூதக்கண்ணாடியில 9ஐப் பாத்தா அதோட வாலுக்கு பக்கத்துல தளம் மட்டும் வேற பளபளப்பு, எதையோ சுரண்டுன மாதிரி. 8ஐ 9 ஆக்கிட்டானா, இல்ல நூறு கை பட்ட கீறலான்னு எனக்கு சொல்லத் தெரியல. வெள்ளி நிஜம், வருஷம் பொய்யா இருக்கலாம், இந்த மாதிரி வித்தையை எந்தத் தராசும் கண்டுபிடிக்காது, காசு பாத்துப் பாத்து கண்ணு பழகுனவங்ககிட்ட தான் போகணும். அதைத் தனியா எடுத்து வச்சுட்டோம். கடைங்கள்ல இருக்க மெஷினும் இப்படித் தான், மேல் தோலை மட்டும் படிக்கும், தடிமனா வெள்ளி பூசியிருந்தா உள்ள இருக்கது தெரியாது. அதனால மெஷின் ரசீது குடுத்தான்னு கண்ண மூடிக்கிட்டு நம்பாதீங்க, தண்ணியிலயும் ஒரு முக்கு முக்கிடுங்க.

காந்தி படம் போட்ட பத்து ரூபா வெள்ளிக் காசு ரெண்டு இருந்துச்சு, நூற்றாண்டுக்கு 1969ல வந்தது, 15 கிராம், நூத்துக்கு 80 வெள்ளி. தராசுல 15.01, 14.99. அதுல பேச ஒண்ணும் இல்ல.

நாத்தனார் அவங்க பங்கை சிங்கப்பூர்ல இருக்க பொண்ணுக்கு அனுப்பலாம்னாங்க. நூறு வருஷம் தாண்டுன காசு 1972 சட்டப்படி தொல்பொருள் கணக்கு, நம்ம இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாதுன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கோம்.

கடைசியில கணக்கு இப்படி வந்துச்சு. 61ல கள்ள ரூபா ரெண்டு, பியாஸ்தர், ராமர் காசு, சந்தேகத்துல 1939, இந்த அஞ்சு போக 56. ஆளுக்கு 14, சீட்டு குலுக்கிப் போட்டு எடுத்தோம், வெள்ளி கூடுனது குறைஞ்சதை கிராம் கணக்குல காசா நேர் பண்ணிக்கிட்டோம், அதுக்கும் தராசு தான். கும்பகோணத்துக்காரரு நடுவுல ரெண்டு தடவை கொழுந்தனுக்கு ஃபோன் பண்ணி முடிவு பண்ணிட்டீங்களான்னு கேட்டாராம், பழைய ரூபா ஒண்ணுக்கு 10.69 கிராம் சுத்த வெள்ளி விலை போடுறீங்களான்னு இவன் கேக்க, லைன் கட்டாயிடுச்சாம்.

வாங்கலாமான்னா, கிட்டா வாங்காதீங்க. இதே தராசு தனியா பாதி விலைக்கும் கீழ கெடைக்குது, அதையும் ஒரு நல்ல பூதக்கண்ணாடியையும் வாங்குங்க, வெர்னியர் இருந்தா சவுகரியம், இல்லன்னா அடுக்கி வச்சுப் பாருங்க. பேப்பர் கப்பு டீக்கடையில கேட்டா சும்மாவே குடுப்பாங்க. பேட்டரி ரெண்டு ட்ரிபிள் ஏ, ஒரு மாசம் ஓடுச்சு, மூடியை மூடாம வச்சா சீக்கிரம் தீருது. ரிட்டர்ன் பண்ணலாம்னு பாத்தேன், ஆசிட் பாட்டிலைத் திறந்துட்டதால எடுத்துக்க மாட்டேங்குறான்.

என் பங்குல வந்ததுல 1947 புலி ரூபாயும் ஒண்ணு. பையன் அந்த உதவாத வட்டக் காந்தத்தை அதோட சேத்து ஃப்ரிட்ஜ்ல மாட்டி, பால் கணக்கு சீட்டை அதுக்கு அடியில சொருகி வச்சிருக்கான்.